சாப்பிடாமல் சொன்ன வார்த்தை

கேரியரின் மூடியைத் திறந்து, குனிந்து, மூக்கை உள்ளே விட்டு, நிமிர்ந்து, மறுபடியும் மூடுவதற்கு அந்த ஜெர்மன்காரருக்கு எட்டு விநாடி ஆகியிருக்கும். பத்து என்று வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. அதற்குள் அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "மௌத்வாட்டரிங்." பிறகு தன் பையைத் திறந்து, சொந்த ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, நாலு பிஸ்கட்டைத் தின்று, பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, சாம்பிள் ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பார்க்க ஆரம்பித்தார். நடந்தது அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடியே நான் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு பெண்மணி வேலையை விட்டிருக்க மாட்டார், எனக்கும் நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்திருக்க மாட்டார்கள்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபாக்டரியில் மெர்ச்சண்டைசர். இப்போதும் அதுவேதான், முடி மட்டும் கம்மி. அது என்ன வேலை என்பது என் மாமனாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரரைப் பையர் என்போம். பையர் எழுதும் மெயிலிலிருந்து கோபத்தை வடிகட்டிவிட்டு மிச்சத்தை ஃபாக்டரிக்குச் சொல்ல வேண்டும். ஃபாக்டரி சொல்லும் சாக்குக்குக் கோட்டு மாட்டி, டை கட்டி, பையருக்கு எழுத வேண்டும். "தோலே இன்னும் வந்து சேரல" என்பது என் கை பட்டதும் "மூலப்பொருள் சேகரிப்பு இறுதிக் கட்டத்தில் உள்ளது" என்று ஆகிவிடும். ஒருவர் சொன்னதை மற்றவருக்கு வலிக்காதபடி மாற்றிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வருஷக்கணக்காக அதையே செய்தால் வேலை நேரம் முடிந்த பிறகும் நாக்கு தானாக அதையே செய்யும். குழம்பு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் என் மனைவி உடனே ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

பையர்கள் வந்தால் மதியச் சாப்பாடு வேலூரிலிருந்து காரில் வரும். பெரிய ஓட்டல் சான்ட்விச், வெட்டிய பழம், காகிதக் கைக்குட்டை எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டி. அன்றைக்குப் பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்து, பெட்டி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டது. மணி ஒன்று தாண்டியது. ஜி.எம். என்னை வெளியே கூப்பிட்டு, "கேண்டீன்ல இருக்கறத எடுத்துனு வா. காரம் கம்மியா இருக்கட்டும்" என்றார். அன்றைக்குக் கேண்டீனில் இருந்தது மொச்சைக்கொட்டை கத்தரிக்காய் காரக்குழம்பு. பேரிலேயே காரம் இருக்கும் குழம்பில் கம்மியான காரத்துக்கு நான் எங்கே போவது.

அந்தக் கேண்டீனை நடத்தியது ஒரு காண்ட்ராக்டர் என்றாலும் சமையல் முழுக்க ஓர் அக்காவின் கையில் இருந்தது. நெமிலிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். கழுத்தில் மெல்லிய செயினில் ஒரு சிலுவை, கையில் எந்நேரமும் ஒரு ஈரத்துணி. லாரி ஓட்டப் போன கணவர் வேறு ஊரில் வேறு குடும்பமாகித் தங்கிவிட்டார் என்று கேள்வி. அக்கா அதைப் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஒரே மகள் வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. ஒற்றை ஆளாகப் பெண்ணைப் படிக்கவைக்கிறவருக்கு இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

அக்காவின் சமையலைப் பற்றிச் சொல்வதென்றால் வடகத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வெயில் காலத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள்கணக்காகக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். குழம்பை இறக்கும்போது அதில் ஒரு துண்டைக் கிள்ளிக் காய்ந்த எண்ணெயில் போட்டால் கிளம்பும் வாசனைக்குக் கதவும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. அக்கா பன்னிரண்டு இருபதுக்குத் தாளிப்பார். பன்னிரண்டரைக்குச் சங்கு. அந்தப் பத்து நிமிஷத்தில் தைக்கிற பிரிவில் நூல் அறுவதும், ஒட்டுகிற பிரிவில் இடது கால் ஷூவுக்கு வலது கால் அடித்தோல் போவதும் வாடிக்கை. சூப்பர்வைசர்கள் கூடிப் பேசி, இனிமேல் சங்கு ஊதிய பிறகுதான் தாளிக்க வேண்டும் என்று ஒரு சர்க்குலரே போட்டார்கள். அதைத் தட்டச்சு செய்தவன் நான். 'தாளிப்பு' என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாமல் அரை நாள் தடுமாறினேன்.

அக்கா பையருக்காக நாலு அடுக்குக் கேரியரைத் துடைத்துத் துடைத்து நிரப்பினார். அதைத்தான் நான் ஜெர்மன்காரர் முன்னால் வைத்தேன். மேல் தட்டில் காரக்குழம்பு. அவர் திறந்தார், மோந்தார், சொன்னார், மூடினார். வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு. இந்தியா வந்தால் பிஸ்கட்டும் வாழைப்பழமும் தவிர வேறு தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனிதர்.

இப்போது என் கையில் ஒரு முழுக் கேரியர். நிரம்பிய கேரியரைத் திரும்பக் கொண்டுபோனால் அக்காவின் முகம் எப்படி ஆகும் என்று யோசித்தேன். சாம்பிள் ரூமுக்குப் பின்னால், ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் மர அச்சுகள் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். சாதம், குழம்பு, கீரை, ரசம், நாலு அடுக்கையும் ஏழு நிமிஷத்தில் காலி செய்தேன். கொலையை மறைக்கிறவன்கூட அவ்வளவு வேகமாகச் செய்ய மாட்டான். நடுவில் யாரோ வரும் சத்தம் கேட்டு வாயில் கத்தரிக்காயோடு மூச்சை நிறுத்திக்கொண்டது நினைவிருக்கிறது. பிறகு சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேண்டீனுக்குப் போனேன்.

"சாப்ட்டாரா சார்?"

"ம்."

"எல்லாத்தயுமா?"

கேரியரை நீட்டினேன். அக்கா ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துப் பார்த்தார். குழம்புத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"காரம்னு ஒண்ணும் சொல்லலியே?"

"மௌத்வாட்டரிங்னாரு."

"அப்டின்னா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் திணறியது உண்மை. வாயில் எச்சில் ஊறுகிறது என்றுதான் அர்த்தம். ஆனால் சமைத்தவர் எதிரில் நின்று அவர் சமையலையும் எச்சிலையும் ஒரே மூச்சில் சொல்ல நாக்கு எழவில்லை. நம் ஊரில் எச்சில் என்பது ஒதுக்குகிற வார்த்தை. தட்டிலும் டம்ளரிலும் பட்டால் கழுவுகிற விஷயத்தை வெள்ளைக்காரர்கள் புகழ்ச்சியாக எப்படி மாற்றினார்கள் என்று தெரியவில்லை. அதனால், "நாக்குல தண்ணி ஊறுதுன்னு அர்த்தம்க்கா" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம் விடவில்லை. "எத்தினியோ தேசத்துல சாப்ட்டிருக்காராம். இந்த மாதிரி ஒரு கொழம்ப வாயில வெச்சதே இல்லயாம்" என்று சேர்த்தேன். இரண்டாவது வாக்கியம் ஒருவகையில் சத்தியம். அவர் வாயில் வைக்கவே இல்லை.

அக்கா ஈரத்துணியில் இரண்டு கையையும் நிதானமாகத் துடைத்தார். அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு எழுதித் தரச் சொன்னார். கையில் காகிதம் இல்லை. ஷூவுக்குள் வைக்கிற அட்டைத் துண்டு ஒன்று பையில் இருந்தது. அதில் மார்க்கரால் இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் போனபோது அந்த அட்டை அடுப்புக்கு மேலே, எண்ணெய் தெறிக்காத உயரத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். ஒரு மனுஷியைச் சந்தோஷப்படுத்திவிட்டோம், செலவு ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து அக்கா என் மேஜைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். "சார், ராஜினாமா எழுதித் தாங்க. இங்கிலீஷ்ல இருந்தா மரியாதயா இருக்கும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். டேனரி ரோட்டுல ஒரு எடம் பாத்துட்டேன். மெஸ் வெக்கப் போறேன்."

"இன்னாக்கா திடீர்னு?"

"திடீர்னு இல்ல சார். அந்த அட்டயப் பாத்துப் பாத்து யோசிச்சதுதான். லோகமெல்லாம் சுத்தனவரே ஊறுதுன்னு சொல்ட்டாரு. நான் இன்னாத்துக்கு இன்னொருத்தர் பேர்ல கொதிக்கணும்?"

உடனே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், புத்திசாலி மாதிரி பொருளாதாரம் பேசினேன். "இது ஆம்பூர்க்கா. தடுக்கி விழுந்தா பிரியாணிக் கட. இங்க காரக்கொழம்பு வித்தா எவன் வருவான்?" அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிரியாணிய தெனமும் துன்ன முடியுமா சார்? மத்த நாளு வயித்துக்கு இன்னா வழி?" ராஜினாமாவை நானே எழுதினேன். கடைசி வரியில் தேதியை இரண்டு தடவை அடித்து எழுத வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து எனக்கு நெஞ்சு வலி. இடப்பக்கம் ஆரம்பித்து முதுகு வழியாகச் சுற்றி, எனக்கே நம்பிக்கை வராத இடங்களிலெல்லாம் வலித்தது. அக்கா வேலையை விட்டார், மெஸ் ஓடவில்லை, மகள் படிப்பை நிறுத்தினாள், எல்லாம் ஒரு கேரியரால், என்று இன்னும் நடக்காததெல்லாம் கண்முன் ஓடி, ஷூ சாம்பிளைப் பார்த்தாலும் அதுவே தெரிந்தது. டாக்டரிடம் போனேன். ஒயர்களை ஒட்டி, காகிதத்தை இழுத்துப் பார்த்து, "கேஸ்" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "மத்தவங்களுக்கு மனசாட்சி இருக்கற எடத்துல உங்களுக்கு கேஸ் இருக்குதா" என்றார். பிறகு, "போய் உண்மயச் சொல்ட்டு வாங்க. அவங்க திட்டுவாங்க. திட்டு வாங்கினா கேஸ் போய்டும்" என்றார். வைத்தியம் சரிதான். நான்தான் மருந்தை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி மெஸ் திறந்தது. நாலு பெஞ்சு, ஒரு தகரக் கூரை, பின்பக்கம் சமையல். அட்டை இப்போது சுவரில் வாசலைப் பார்த்தபடி இருந்தது. பிராயச்சித்தமாக நான் தினமும் அங்கே சாப்பிட ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து வரும் டப்பாவையும் வீணாக்க முடியாது. ஆக, பன்னிரண்டரைக்கு ஒரு சாப்பாடு, ஒன்றரைக்கு ஒரு சாப்பாடு. ஒரு மாதத்தில் பேண்டின் மேல் பொத்தான் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. சாப்பிடும்போது என் கண் இலையில் இருக்காது. வாசலில் இருக்கும். யாராவது வருகிறார்களா என்று. தோல் பதனிடும் டேனரிகளில் வேலை செய்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் வண்டியில் கடந்து போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை. மிஞ்சிய சாதத்தை அக்கா சாயங்காலத்தில் எதிர் கேட் வாட்ச்மேன்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார். வாட்ச்மேன்கள் மட்டும் அந்தச் சாலையில் கொழுகொழு என்று ஆனார்கள், என்னையும் சேர்த்து.

ஒரு நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். பெஞ்சுகள் துடைத்தபடியே கிடந்தன. அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "பொண்ணு ஃபோன் பண்ணா. படிச்சது போதும்மா, நான் வந்து கூட நிக்கறேன்றா. ஒரு கை ஜாஸ்தியா இருந்தா மெஸ் தேறிடும்னு நெனக்கறா. நானும் சரின்னுதான் சொல்லலாம்னு இருக்கறேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஜெர்மன்காரர் மூடியைத் திறந்தது, மோந்தது, அந்த வார்த்தை, பிஸ்கட், அச்சுப் பெட்டிகளுக்கு நடுவில் நான் தின்றது எல்லாவற்றையும். ஒரு தடவை சொல்ல ஆரம்பித்ததும் பிஸ்கட்டின் நிறம் வரைக்கும் சொன்னேன்.

அக்காவின் கை கீரைக் காம்பிலேயே நின்றது. காம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "தெனமும் காலைல அந்த அட்டய ஒரு தடவ பாத்துட்டுத்தான் சார் அடுப்பு பத்தவெப்பேன்." அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். எழுந்து போய்ச் சுவரிலிருந்து அட்டையை எடுத்தார். "வூட்டுக்குப் போங்க சார்" என்றார். நான் போனேன். கேஸ் போகவில்லை.

மறுநாள் போவதா வேண்டாமா என்று கேட்டபோது மனைவி, "போகாம இருந்தா இன்னொரு பொய்" என்றார். போனேன். தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. அக்கா வந்தார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் என்று கண் சொன்னது.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. அந்த வார்த்த சாப்ட்டுட்டுச் சொல்றதா, சாப்டறதுக்கு முன்ன சொல்றதா?"

வருஷக்கணக்காக இங்கிலீஷில் சம்பாதிப்பவனுக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை. ஃபோனை எடுத்து அகராதியைத் தேடினேன். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தேன். பார்வையாலோ மணத்தாலோ சாப்பிடத் தூண்டுகிற உணவைச் சொல்வது என்று போட்டிருந்தது. இன்னொரு அகராதியிலும் பார்த்தேன், அதே மாதிரிதான். யோசித்தால் அது நியாயம்தான். வாயில் போட்ட பிறகு வாய்க்கு வேறு வேலை வந்துவிடுகிறது. ஊறுவதெல்லாம் அதற்கு முன்னால். ருசியைச் சொல்ல எத்தனையோ வார்த்தை இருக்கலாம். இது சாப்பாட்டுக்கும் மனுஷனுக்கும் நடுவில் இன்னும் ஒரு சாண் தூரம் இருக்கும்போது சொல்கிற வார்த்தை.

"முன்னதான்க்கா" என்றேன். "மோந்துட்டுச் சொல்றதுதான்."

"அப்ப அவரு பொய் சொல்லல."

"இல்ல."

"நீங்கதான் சொன்னீங்க."

"ஆமாக்கா."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். ஏதோ ஒரு பாரத்தை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு, அதாவது அவர் தோளிலிருந்து என் தோளுக்கு, மாற்றி வைத்த மாதிரி இருந்தது. பிறகு வேறு ஏதோ யோசனையில் வாசலைப் பார்த்தார். வெளியே பச்சைத்தோல் ஏற்றிய லாரி ஒன்று போனது. அதன் வாடை எங்களுக்குத் தெரியாது. வெளியூர் போய்விட்டுத் திரும்பும்போது மாதனூர் தாண்டியதும் ஒரு நிமிஷம் தெரியும், பிறகு மூக்கு தன் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த வாடையில்தான் எங்கள் எல்லார் வீட்டு உலையும் கொதிக்கிறது, அதனால் யாரும் அதைக் குற்றம் சொல்வதும் இல்லை.

"ஃபாக்டரில சங்குக்கு முன்ன தாளிச்சா மெஷினே நின்னுச்சு. இங்க பின்னால தாளிக்கறேன், காத்து டேனரி பக்கத்துலருந்து வருது, வாசன அப்டியே கொல்லையோட போயிடுது. ரோட்டுல போறவங்களுக்கு இங்க சோறு இருக்கறதே தெரியாது சார்" என்றார். பிறகு, "இந்த ரோட்டுல மூக்கு தூங்கினு கீது. அத எழுப்பணும்" என்றார்.

எழுந்தவர் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கொழம்பத் துன்னது நீங்கதான? எப்டி இருந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எவ்வளவு யோசித்தாலும் வாயில் கத்தரிக்காயோடு மூச்சை நிறுத்தியதுதான் ஞாபகம் வருகிறது, கத்தரிக்காய் ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகு மெஸ்ஸில் ஒரு மாதம் தின்றதும் அதே கதிதான். "பயத்துல துன்னேன்க்கா. தெரியல" என்றேன்.

"இத்தன நாளா துன்னுட்டுத் தெரியலன்றீங்க." அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "மொதல்ல அந்த ஹெல்மெட்டக் கழட்டுங்க. மிலிட்டரி மாதிரி ஒக்காந்துனு."

அடுப்பை முன்பக்கம் கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. நானும் ஒரு பக்கம் பிடித்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, அது தனி. குழம்பை மொத்தமாகத் தாளித்து இறக்கிவைக்கும் வழக்கத்தை அக்கா விட்டார். குழம்பு உள்ளே கொதித்துத் தயாராக இருக்கும். தாளிப்பு மட்டும் வாசலில். ஒரு சின்ன இரும்புக் கரண்டி, அதில் எண்ணெய், ஒரு கிள்ளு வடகம். ஒரு பானைக்கு ஒரு தாளிப்பு என்பது போய், வருகிற ஒவ்வொரு வாளிக் குழம்புக்கும் ஒரு தாளிப்பு. ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது.

மூன்றாம் நாள் டேனரியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. வண்டிகள் கிளம்பி வந்தன. அக்கா கரண்டியை நெருப்பில் காட்டி, எண்ணெய் புகையும்வரை பொறுத்து, வடகத்தைப் போட்டார். சடசடவென்று வெடித்துப் புகை கிளம்பியது. நான் பெஞ்சில் உட்கார்ந்து இடப்பக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் வண்டி போனது. இரண்டாவது போனது. மூன்றாவதாக வந்த ஒரு பழைய மொபெட் எங்களைத் தாண்டிப் போய், வேகம் குறைந்து, காலைத் தரையில் தேய்த்து நின்றது. ஓட்டியவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டவர், ஐம்பது வயது இருக்கும். இறங்கவில்லை. திரும்பி மட்டும் பார்த்தார்.

"இன்னாக்கா கொழம்பு?"

"வந்து ஒக்காருங்கண்ணா, சொல்றேன்."

அவர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் தொண்டையில் குரல்வளை முடிச்சு ஒரு தடவை மேலே ஏறிக் கீழே இறங்கியது. அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் குனிந்து, மெதுவாக, "ஊறுது சார்" என்றார்.

அன்றைக்கு நாலு பெஞ்சும் நிரம்பியது என்று சொன்னால் என் பழைய வியாதி திரும்பிவிட்டது என்று நினைப்பீர்கள். நிரம்பவில்லை. ஏழு பேர் வந்தார்கள். மறுநாள் அந்த ஏழு பேரும் வந்தார்கள், அவர்களோடு இன்னும் சிலர். மூன்றாவது வாரத்தில் நான் போனபோது எனக்கு உட்கார இடம் இல்லை, நின்றுகொண்டு சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் அந்தக் குழம்பின் ருசி எனக்குத் தெரிந்தது. அதை என்ன வார்த்தையில் சொல்வது என்று யோசித்து, இரண்டு மொழியிலும் கிடைக்காமல், இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டேன். மகளுக்கு அக்கா ஃபோனில் சொன்னதை நான் கேட்டேன். "நீ அங்கயே இரு. இங்க ஒன்ன ஒக்கார வெக்க எடம் இல்ல."

இப்போது அந்தப் பெண் வேலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். மெஸ்ஸுக்குப் பன்னிரண்டு பெஞ்சு. பேர்ப்பலகை இன்றுவரை கிடையாது. அந்த வார்த்தை மட்டும் ஊரெல்லாம் கிடைக்கிறது. ஃபோனில் சாப்பாடு வரவழைக்கிற எதைத் திறந்தாலும் ஆறிப்போன இட்லிக்குக்கூட மௌத்வாட்டரிங் என்று போட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்க்கிறேன், வாய் பாலைவனமாகக் கிடக்கிறது. எழுதினவர் என் மாதிரி மெர்ச்சண்டைசராக இருப்பார், பாவம், அவருக்கும் எங்காவது நெஞ்சு வலிக்கும்.

போன மாதம் அக்கா என்னை ராணிப்பேட்டைக்குக் கூட்டிப்போனார். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இரண்டாவது மெஸ்ஸுக்கு ஒரு இடம். இறங்கியதுமே எனக்குப் பகீரென்றது. அங்கே தோலோடு கெமிக்கலும் சேர்ந்து காற்று கனமாக இருந்தது. "அக்கா, ஆம்பூர் தேவலாம்க்கா. இங்க வடகம் இல்ல, வாணமே விட்டாலும் எடுபடாது" என்றேன். சட்டைப் பையில் கேஸ் மாத்திரையைத் தேடினேன். அக்கா காதில் வாங்காமல் புடவைத் தலைப்பைத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். இடத்து ஓனரிடம் சமையலறை எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. வாசலின் வலது மூலையில் நின்றார். கையோடு கொண்டுவந்திருந்த சின்ன கேஸ் அடுப்பை அங்கே வைத்துப் பற்றவைத்தார். கரண்டி காய்ந்தது. வடகத்தைப் போட்டார்.

ஓனர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை, உச்சி வெயில். யாராவது வரக்கூடாதா என்று எட்டி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அக்கா கரண்டியைப் பிடித்தபடி என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துனு கீறப்போ சோறா மண்ணான்னு தெரியாத ஆளு நீங்க" என்றார். "உங்களுக்கே ஊறுது."

அடுப்பை அணைத்துவிட்டு, ஓனரிடம் சாவிக்குக் கை நீட்டினார்.